முழங்காலுக்குக் கீழே சிக்னல் இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேய், பிசாசு என்று கதை விடுகிற ஆள் இல்லை. புனேக்குப் பக்கத்தில் ரஞ்சன்காவில் கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். அளந்து பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போடாத வேலை. அதையே வருடக்கணக்காகச் செய்து, வீட்டில் தோசை வட்டமாக வராவிட்டால்கூடக் காரணம் தேடுகிற புத்தி வந்துவிட்டது. இங்கே சொல்லப்போவதும் நான் அளந்து பார்த்ததுதான். சந்தேகப்பட்டு மறுபடி அளந்தேன். மறுபடியும் அதே அளவுதான் வந்தது.

போன பிப்ரவரியில் நடந்தது. புனேயில், விஷ்ராந்த்வாடியில், மூன்றாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். சமையலறை, ஹால், படுக்கையறை மூன்றும் ரயில் பெட்டி மாதிரி ஒரே வரிசையில் இருக்கும். படுக்கையறையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தால் சமையலறை சிங்க் வரைக்கும் தெரியும். வீட்டுக்காரர் ஜம்புநாதன், ராணுவக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் மாடியில் மனைவி பாமா மாமியோடு இருந்தார். "நான் தமிழாளுக்கு மட்டும்தான் குடுக்கறது, சார்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். கூடவே சக்கரம் வைத்த ஒரு நாற்காலியும் வீட்டில் இருந்தது. ஆபீஸில் போடுவார்களே, சுழலுமே, அந்த மாதிரி. "முன்னாடி இருந்தவர் விட்டுட்டுப் போயிட்டார், நல்ல நாற்காலி, வெச்சுக்கோங்கோ" என்றார். எனக்கு முதுகு வலி. சந்தோஷமாக வைத்துக்கொண்டேன்.

அந்த நாற்காலியின் பின்சக்கரம் ஒன்று மட்டும் உருளாது. குனிந்து பார்த்தால் அச்சைச் சுற்றி நீளமாகத் தலைமுடி. பிளேடால் அறுத்து எடுத்தேன். ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. வீடுகளில் இது சகஜம்தான், தூக்கிப் போட்டுவிட்டேன்.

நான் தனியாக இருந்தேன். என் மனைவி ப்ரீதி வங்கி அதிகாரி. பதவி உயர்வோடு நாக்பூருக்குத் தூக்கியடித்துவிட்டார்கள். அவள் போன பிறகுதான் இந்தச் சின்ன வீட்டுக்கு மாறினேன். அவள் இந்த வீட்டில் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

ஒரு வருடம் ஆயிற்று. ஃபோனில் பேசிப் பேசி எங்களுக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது. "சாப்பிட்டியா?" "ஆச்சு." "அப்புறம்?" "அப்புறம் என்ன?" அந்த "அப்புறம் என்ன"வில் இருந்து சண்டை தொடங்கும். ஒரு கட்டத்தில் அவள் சொன்னாள், பேச வேண்டாம், சேர்ந்து ஏதாவது விளையாடலாம் என்று. இணையத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். ஒரு தீவு. பகலில் மரம் வெட்டி வீடு கட்டவேண்டும். இரவானால் ஓநாய்கள் வரும், வேலிக் கதவைச் சாத்தி, இரண்டு பேரும் நின்று அடிக்கவேண்டும். காதில் ஹெட்போன், வாயருகே மைக். விளையாடிக்கொண்டே பேசினோம். ஆச்சரியம், சண்டை வரவில்லை. நிஜத்தில் எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. அந்தத் தீவில் இரண்டு மாடி கட்டிவிட்டோம்.

தினமும் எட்டரை முதல் பத்து வரை. அது எங்கள் குடும்ப நேரம்.

மார்ச் மாதக் கடைசிக்குள் ப்ரீதி புனேக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். கேட்டால் கிடைத்துவிடும் போலத்தான் இருந்தது. ஆனால் கேட்பதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யவில்லை. அங்கே அவளுக்கு நல்ல பதவி. இங்கே நான் இருந்தேன். இந்த இரண்டில் எது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அது தெரியும். அதனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் கண்ணாகப் பார்த்துக்கொண்டேன்.

சரியாக அந்த நேரத்தில்தான் நெட் படுத்தது.

எட்டு இருபதுவரை பறக்கும். எட்டரைக்கு மேல் திணறும். ஒன்பதரைக்கு என் உருவம் வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்துவிடும். ஓநாய்கள் என்னைத் தாண்டி உள்ளே போய் ப்ரீதியைக் குதறும். பத்து மணிக்கு மேல் மறுபடியும் பறக்கும்.

"ராம், கதவைச் சாத்துன்னு சொன்னேன்ல?"

"சாத்தினேன் ப்ரீதி. நெட் வரல."

"தினமும் இதையே சொல்ற."

எனக்கு அலுப்பாக இருந்தது. காலை ஆறே காலுக்குக் கம்பெனி பஸ் ஏறி, சாயங்காலம் ஏழரைக்கு இறங்கி, ஒரு வாய் தயிர்சாதம் தின்றுவிட்டு, இணையக் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, இசை கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் ஒரு பெண் இந்தியில் சொன்னாள், "சார், அது பீக் நேரம். எல்லோரும் படம் பார்ப்பார்கள்." வை-ஃபை பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாள். போட்டேன். ஞாயிறு காலை ஆள் வந்து பார்த்தான், எல்லாம் சரி என்றான். பகலில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

நான் தொழிற்சாலையில் செய்வதை வீட்டில் செய்ய ஆரம்பித்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும், பிறகு அளக்கவேண்டும். அதுதான் முறை.

முதலில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். இணைய வயர் அங்கே சிங்க்குக்குக் கீழே குழாய் ஓட்டை வழியாக உள்ளே வந்தது. வயர் குட்டை. அதனால் வை-ஃபை பெட்டியைத் தரையோரம் ஒரு மணைப்பலகை மேல் வைத்திருந்தேன். லேப்டாப்பை நேராகப் பெட்டியில் செருகினேன். இரவு ஒன்பது மணி, உச்ச நேரம். வேகம் முழுசாக வந்தது.

ஆக, நெட் மெதுவாக இல்லை. கம்பெனிக்காரி மேல் வீணாகக் கோபப்பட்டிருக்கிறேன். பெட்டிக்கும் என் கணினிக்கும் நடுவே, வீட்டுக்குள்ளேதான் கோளாறு.

பக்கத்து வீட்டு வை-ஃபை இடிக்கிறதோ என்று சேனலை மாற்றினேன். மாறவில்லை. மைக்ரோவேவை, மிக்ஸியை, கடைசியில் ஃபிரிட்ஜையே பிடுங்கிப் பார்த்தேன். பால் கெட்டதுதான் மிச்சம். நீளமான வயர் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன், இழுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று. அடுத்த வார வெள்ளிக்கிழமை வரும் என்று செய்தி வந்தது.

அந்த வாரத்தில்தான் ப்ரீதி முதல்முறை கேட்டாள்.

"டிவி போட்டிருக்கியா?"

"இல்லையே."

"பின்னாடி ஏதோ சத்தம் கேட்டுது."

"பக்கத்து வீடா இருக்கும்."

என் காதில் ஹெட்போன். எனக்கு ஓநாய்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பழைய ஃபோன் ஒன்றில் சிக்னல் அளக்கும் ஆப் போட்டேன். சிக்னல் நன்றாக இருந்தால் டிக்டிக்டிக் என்று வேகமாக அடிக்கும். குறைந்தால் டிக்... டிக்... என்று இழுக்கும். சுத்தமாக இல்லையென்றால் நின்றுவிடும். அதைப் பிடித்துக்கொண்டு எட்டே முக்காலுக்கு வீடு முழுக்க நடந்தேன். எங்கும் டிக்டிக்டிக். ஒரு குறையும் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. பெட்டி தரையோரம் இருக்கிறது. என் கணினியின் டப்பாவும் மேஜைக்கடியில் தரையில். அலை தாழ்வாகத்தானே போகும்? நான் மார்பு உயரத்தில் அளந்து என்ன பிரயோஜனம்?

முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். ஃபோனை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனேன்.

டிக்... டிக்... டிக்...

நிமிர்ந்தால் வேகம். குனிந்தால் இழுவை. கையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். முழங்கால்தான் எல்லை.

தரையை ஒட்டி எதுவோ அலையை மறைக்கிறது. ஊர்ந்து ஊர்ந்து தேடினேன். சமையலறை வாசற்படிக்கு இந்தப் பக்கம், ஹாலில், குறைகிறது. படிக்கு அந்தப் பக்கம், சமையலறைக்குள், வேகம். ஆக, மறைப்பது வாசற்படியில் இருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் டைல்ஸ். அந்த இடத்தில் ஒரு துண்டு மஞ்சள் டேப் ஒட்டினேன். தொழிற்சாலைப் பழக்கம், குறை கண்ட இடத்தில் டேப் ஒட்டுவது.

கால் மணி கழித்து மறுபடி அளந்தேன். வாசற்படியில் இப்போது வேகம். குறைகிற இடம் ஹாலுக்குள் வந்திருந்தது. இன்னொரு டேப். அப்புறம் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். இன்னொரு டேப்.

மறுநாளும் அளந்தேன். அதே இடங்கள், அதே வரிசை. எட்டரைக்குச் சமையலறை. ஒன்பதேகாலுக்கு ஹால் நடு. ஒன்பதரைக்குப் படுக்கையறை வாசல். பத்துக்கு முன்னால் என் நாற்காலிக்குப் பின்னால். பத்துக்கு மேல் எங்கும் இல்லை.

மஞ்சள் டேப்புகள் சமையலறையில் இருந்து என் நாற்காலி வரை ஒரே கோடாகக் கிடந்தன. எனக்கு இன்னும் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நகருகிற கோளாறை எப்படிச் சரி செய்வது?

காலையில் ஒரு விஷயம் கவனித்தேன். டேப்புகளின் ஓரம் எல்லாம் தூக்கிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே பக்கம். என் அறையைப் பார்த்த பக்கமாக மடங்கியிருந்தது. ஈரத்துணி மேலே இழுத்தால் அப்படித்தான் மடங்கும். நான் அந்த வாரம் தரையே துடைக்கவில்லை.

அந்த ஞாயிறு பகலில் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். கோளாறு என்னவென்று தெரியாவிட்டால், அதே கோளாறை நாமாக உண்டாக்கிப் பார்ப்பது எங்கள் முறை. பகலில் சிக்னல் முழுசாக இருக்கும். ஹால் நடுவில், டேப் இருந்த இடத்தில், அரிசி மூட்டையை வைத்தேன். டிக்டிக்டிக். மாறவில்லை. மரப்பெட்டி வைத்தேன். மாறவில்லை. பக்கெட் நிறையத் தண்ணீர் வைத்தேன். கொஞ்சம் இழுத்தது. தண்ணீர் இந்த அலையைக் குடிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான்.

வாளியை எடுத்துவிட்டு, அந்த டேப்பின் மேல் நானே குப்புறப் படுத்தேன். ஃபோன் என் தலைக்கு அந்தப் பக்கம் தரையில்.

டிக்... டிக்... டிக்...

அதே இழுவை. துளி மாற்றம் இல்லை.

கன்னத்தில் டைல்ஸ் சில்லென்று இருந்தது. எழுந்திருக்கவே தோன்றவில்லை. வெயில் நேரம், கீழே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டிருந்தான். நான் படுத்தபடி என் நாற்காலியைப் பார்த்தேன். தரையில் இருந்து பார்த்தால் அது ரொம்பத் தூரத்தில் தெரிந்தது. அப்போதுதான் முதல்முறை பயந்தேன்.

ப்ரீதியிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

புதன்கிழமை அவளே ஆரம்பித்தாள். ஆட்டத்தின் நடுவில் அவள் உருவம் அப்படியே நின்றது. அவள் பக்கம் நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

"ராம். யாரு அது?"

"எது?"

"உன் ரூம்ல ஒரு பொண்ணு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு வாரமா கேட்குது. டிவின்னு நினைச்சேன். இன்னிக்குத் தெளிவாக் கேட்டுது. 'ஏனுங்க'ன்னு கூப்பிடுறா. உன்னை 'ஏனுங்க'ன்னு கூப்பிடுற அளவுக்கு யாரு அங்க இருக்கா?"

ப்ரீதிக்கு மயிலாடுதுறை. எனக்குத் திருச்சி. ஏனுங்க என்பது எங்கள் பக்கத்துப் பேச்சே இல்லை.

"ப்ரீதி, சத்தியமா இங்க யாரும் இல்ல."

"நெட் சரியில்ல, நெட் சரியில்லன்னு சொன்னியே. இப்பப் புரியுது."

"இல்ல ப்ரீதி..."

"நான் மாற்றல் கேட்கப் போறதில்ல."

அவள் தீவில் இருந்து மறைந்துவிட்டாள். ஓநாய்கள் வந்தன. நான் கதவைச் சாத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து வருடக் கல்யாணம். செய்யாத தப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அழுகைகூட வந்தது, சொல்வதற்கென்ன.

மறுநாள் வியாழன். புனேயில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், வியாழக்கிழமை என்றால் மின்சாரக்காரர்கள் பழுது பார்க்கிற நாள். காலையில் போன கரண்ட் மத்தியானம் வந்துவிடும். அன்றைக்கு என்னவோ டிரான்ஸ்ஃபார்மரில் சிக்கல், நான் வேலையில் இருந்து வந்தபோதும் வரவில்லை. கட்டடம் முழுக்க இருட்டு. வை-ஃபை பெட்டி மட்டும் சின்ன பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறைத் தரையில் அதன் பச்சை விளக்கு.

ஒன்பதேகாலுக்கு ப்ரீதி வீடியோவில் கூப்பிட்டாள்.

"வீட்டைக் காட்டு."

எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. ஃபோன் விளக்கைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் காட்டினேன். பாத்ரூம், பால்கனி, கட்டிலுக்கடி, அலமாரி. வாசற்கதவின் உள்தாழ்ப்பாளைக் காட்டினேன். ஒவ்வொன்றாக, பொறுமையாக.

"பாத்தியா? யாருமில்ல."

"ம்."

"நெட் ஏன் போகுதுன்னு அளந்துகிட்டிருக்கேன். சொன்னா நம்பமாட்ட. நீயே கேளு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். பழைய ஃபோனில் ஆப்பைப் போட்டு, என் கால் பக்கத்தில் தரையில் வைத்தேன். ப்ரீதி இருந்த ஃபோன் கையில். மின்விசிறி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. அவ்வளவு அமைதியாக அந்த வீடு இருந்ததே இல்லை.

டிக்... டிக்... டிக்...

"இது பெட்டியோட சிக்னல். நடுவுல ஏதாவது வந்தா மெதுவாகும்."

"இப்ப மெதுவாத்தானே இருக்கு?"

"ஆமா."

"நடுவுல என்ன இருக்கு?"

நான் மணியைப் பார்த்தேன்.

டிக்...... டிக்......

ஒன்பது முப்பத்தைந்து.

"ராம்." அவள் குரல் இறங்கியிருந்தது. "கேட்குது."

"என்ன?"

"அந்தப் பொண்ணு. 'ஏனுங்க'ன்னு."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. டிக் சத்தம் மட்டும். சத்தியமாக அது மட்டும்தான்.

டிக்.........

"தூரத்துல கேட்குதா, பக்கத்துலயா?"

"முதல்ல தூரத்துல இருந்துது... இப்ப பக்கத்துல. ராம், அவளால பேச முடியல. நாக்கு குழறுது."

டிக்............

கதவுப் பக்கம் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். கதவு என் முதுகுக்குப் பின்னால்.

"ராம்... அழறா ராம்."

"என்ன சொல்றா?"

"'இங்க பாருங்'ன்னு சொல்றா."

டிக்..................

பிறகு வரவில்லை.

காத்திருந்தேன்.

வரவே இல்லை.

ஒன்பது ஐம்பது.

நாற்காலி நகர்ந்தது. ஒரு விரல்கடை. பின்பக்கமாக. முடி சிக்கியிருந்த அந்தச் சக்கரம் கிறீச் என்றது.

"திரும்பாத!" ப்ரீதி கத்தினாள்.

நான் திரும்பவில்லை.

எழுந்தேன். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, அறையைக் கடந்தேன். தரையைப் பார்க்கவில்லை. கால் எதையாவது மிதித்துவிடுமோ என்று ஒவ்வொரு அடியையும் தடவித் தடவி வைத்தேன். தாழ்ப்பாளைத் திறந்து படிக்கட்டில் இறங்கி ஓடினேன். ப்ரீதி ஃபோனில் இருந்தாள். செருப்புகூடப் போடவில்லை.

ஜம்புநாதன் மெழுகுவர்த்தியோடு கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் பின்னால் நின்ற பாமா மாமிதான் முதலில் பேசினாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன். சொல்லிட்டுக் குடுங்கோன்னு."

"சும்மா இரு பாமா."

"யாரு மாமி? யாரு அது?"

மாமி என்னை உள்ளே உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். ஜம்புநாதன் மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கோபிச்செட்டிபாளையத்துப் பொண்ணு. கீர்த்தின்னு பேரு. அவ ஆம்படையானுக்கு ஹிஞ்சேவாடியில ஐ.டி. வேலை. அப்பிராணி. ஆனா ஆபீஸ் விட்டு வந்தான்னா கேம்ஸ்தான். எட்டரைக்கு ஹெட்போனை மாட்டிண்டு உட்கார்ந்தா, பத்து மணிக்குத்தான் கழட்டுவான். அந்த நாற்காலியிலதான்."

"என்ன ஆச்சு?"

"தலைக்குள்ள ரத்தக் குழாய் வெடிச்சுடுத்து. சமையலறையில விழுந்துட்டா. எழுந்துக்க முடியல. அங்கேர்ந்து தவழ்ந்தே வந்திருக்கா சார். பத்து மணிக்கு அவன் ஹெட்போனைக் கழட்டிட்டுத் திரும்பறான்... பின்னாடி கிடக்கா. தலைமுடி சக்கரத்துல சிக்கிண்டிருக்கு. கை நாற்காலியைப் பிடிச்சிண்டிருக்கு. உடம்பு சூடு ஆறல."

அந்த முடியை நான் பிளேடால் அறுத்துக் குப்பையில் போட்டிருந்தேன்.

"அவளால கூப்பிடக்கூட முடியலையா?" என்றேன்.

மாமிதான் சொன்னாள்.

"கூப்பிட்டிருக்கா. அவனுக்குத்தான் கேட்கல. அவன்கூட ஆடிண்டிருந்தவா, எங்கேயோ பெங்களூர்லயும் டில்லியிலயும்... அவாளுக்குக் கேட்டிருக்கு. யாரோ பின்னாடி கூப்பிடறாளேன்னு அவா ரெண்டு தடவை சொன்னாளாம். டிவி சத்தம்னுட்டானாம்."

அப்போது கரண்ட் வந்தது. நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டோம். மணி பத்து ஐந்து.

அந்த வீட்டுக்குள் நான் மறுபடி தனியாகப் போகவில்லை. தொழிற்சாலை நண்பர்கள் நான்கு பேரோடு ஒரு பகலில் போய்ச் சாமான்களை எடுத்தேன். நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்த வயரைப் பிரிக்கவேயில்லை.

ப்ரீதி மறுநாளே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். ஜூனில் வந்துவிட்டாள். இப்போது புனேயிலேயே தானோரியில் இருக்கிறோம். விளையாடுவதில்லை. தீவில் இருக்கிற எங்கள் இரண்டு மாடியை ஓநாய்கள் எடுத்துக்கொண்டிருக்கும், எடுத்துக்கொள்ளட்டும். சாயங்காலம் இருவரும் சேர்ந்து காய் நறுக்குகிறோம். சண்டைகூடப் போடுகிறோம், நேருக்கு நேர். நன்றாக இருக்கிறது.

இவ்வளவுதான் என்றால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன்.

வந்த கொஞ்ச நாளில் ப்ரீதி ஒன்று சொன்னாள். அன்று நான் படிக்கட்டில் ஓடியபோதும் அந்தக் குரல் அவளுக்குக் கேட்டதாம். நான் ஜம்புநாதன் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோதும் கேட்டதாம். கரண்ட் வந்த பிறகும் கேட்டதாம். என்னிடம் சொன்னால் தாங்கமாட்டேன் என்று விட்டுவிட்டாள்.

"எவ்வளவு பக்கத்துல?" என்று கேட்டேன்.

"உன் குரல் எவ்வளவு பக்கத்துல கேட்டுதோ, அவ்வளவு."

போன வாரம் ஞாயிறு, ராத்திரி. ப்ரீதியின் அம்மா விசாலம் ஊரில் இருந்து கூப்பிட்டார். அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ப்ரீதி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். நாங்கள் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பேசிக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"மாப்ள, வீட்டுக்கு யாரும் வந்திருக்காங்களா?"

"இல்லையே அத்தை."

"பின்னாடி ஒரு பொண்ணு கூப்பிடுதே. கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு மாதிரி இருக்கு. நானும் அப்பலேருந்து கேக்கறேன். பாவம், யாராச்சும் திரும்பித்தான் பாருங்களேன்."

மணியைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பது.

என் கை ப்ரீதியின் கையைத் தேடியது. அவள் ஏற்கெனவே பிடித்திருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

"எனக்கு ஒண்ணும் கேட்கல ராம்."

நாக்பூரில், ஃபோனின் அந்தப் பக்கம் இருந்தவரை அவளுக்குக் கேட்டது. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது அவளும் இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.